படலையில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்: இணையத்தளம் புதிதாகும்போது கூகுளில் உள்ள இடத்தைக் காப்பாற்றும் வழி

"தம்பி, புது சைட் வடிவாத்தான் கிடக்கு. ஆனா போன் ஒண்டும் வரேல்லையே."

பரந்தன் சந்திக்குக் கிட்ட உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் ஒரு ஐப்பசி மாதத்தில் என்னிடம் சொன்னது இது. காலபோகத்துக்கு வயல் உழுகிற நேரம். வருடத்திலேயே அவருக்கு அதிகம் போன் வரவேண்டிய மாதம். அவரிடம் ஒரு சிஆர் கொப்பி இருக்கிறது. யார் எடுத்தாலும் பெயர், ஊர், என்ன சாமான், எங்கே பார்த்து எடுத்தீர்கள் என்று நாலு கேள்வி கேட்டு எழுதிவைப்பார். முந்திய வருட ஐப்பசிப் பக்கங்களில் "கூகுள்" என்ற சொல் வரிக்கு வரி இருந்தது. நான் புதுத் தளத்தை ஏற்றிய மூன்றாவது கிழமை, அந்தச் சொல்லையே கொப்பியில் காணவில்லை.

பிழை முழுக்க என்னுடையது. பழைய தளத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் "ஐட்டம்.பிஎச்பி?ஐடி=142" என்ற மாதிரி ஒரு முகவரி. பார்க்கவே அசிங்கம் என்று நினைத்தேன். சாமானின் பெயரே முகவரியாக வரும்படி எல்லாவற்றையும் மாற்றினேன். பழைய முகவரிக்கு வருகிறவர்களை எங்கே அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை. கூகுளுக்குத் தெரிந்த அத்தனை பக்கங்களும் ஒரே இரவில் 404, அதாவது "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று ஆகிவிட்டன.

2008 கடைசியில் சண்டையால் இடம்பெயர்ந்து நாங்கள் வீட்டை விட்டுத் தர்மபுரம் பக்கம் போனபோது, அப்பா கரிக்கட்டியால் படலையில் எழுதிவிட்டுத்தான் வெளிக்கிட்டார்: யார் வீட்டில் இருக்கப்போகிறோம், சந்தியிலிருந்து எந்தப் பக்கம். தேடி வருகிறவன் வெறும் படலையைப் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. அவருடைய பிள்ளையான நான், முந்நூற்றுச் சொச்சம் முகவரிகளை விட்டுப் போகும்போது ஒரு சொல் எழுதிவைக்கவில்லை.

அதற்குப் பிறகு பல தளங்களை மாற்றியிருக்கிறேன். போன வருடம் அதே அண்ணையின் தளத்தையும் இரண்டாம் முறை மாற்றினேன். இந்த முறை ஒரு போன் அழைப்பும் குறையவில்லை. எப்படிச் செய்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முகவரியை மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் இதைக் கேளுங்கள். தளத்தின் நிறம், எழுத்து, படம், மெனு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு, பக்க முகவரிகளை மட்டும் பழையபடியே விட முடியுமென்றால் விட்டுவிடுங்கள். பாதி வேலையும் முக்கால்வாசித் தலையிடியும் அங்கேயே தீர்ந்துவிடும். முகவரி அழகாக இருக்கிறது என்பதற்காகக் கூகுள் ஒருவரைத் தூக்கி மேலே வைப்பதில்லை. முகவரி வடிவாக இருக்கவேண்டும் என்ற ஆசை பெரும்பாலும் செய்கிறவனுக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை.

சில வேளைகளில் வேறு வழி இருக்காது. கையால் எழுதிய பழைய தளத்திலிருந்து வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளுக்குப் போகிறீர்கள், அல்லது கடை மென்பொருள் தன் பாட்டில் ஒரு முகவரி அமைப்பை வைத்திருக்கிறது. அப்போது கீழே உள்ள வேலை தொடங்குகிறது.

பட்டியல்தான் வேலை

பழைய தளத்தின் அத்தனை முகவரிகளையும் ஒரு பட்டியலாக்கவேண்டும். புதுத் தளத்தின் மெனுவை வைத்துக்கொண்டு பழைய முகவரிகளை நினைவிலிருந்து எழுதினால் பிழைக்கும். உங்களுக்குத் தெரியாத பக்கங்கள்தான் ஆட்களைக் கொண்டுவருகின்றன. நான் நாலு இடத்திலிருந்து எடுத்துச் சேர்ப்பேன்.

முதலாவது, கூகுள் செர்ச் கன்சோல். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று தளக்காரருக்குக் கூகுளே காட்டும் கருவி. அதில் செயல்திறன் அறிக்கையில் "பக்கங்கள்" என்பதை அழுத்தி, காலத்தை 16 மாதமாக வையுங்கள். அதற்கு மேல் அது வைத்திருப்பதில்லை. 16 மாதம் எடுத்தால்தான் காலபோகமும் சிறுபோகமும் இரண்டும் உள்ளே வரும். மூன்று மாதக் கணக்கை மட்டும் பார்த்தால், தண்ணீர் பம்ப் பக்கத்தை யாருமே பார்ப்பதில்லை என்று நினைத்துத் தூக்கிவிடுவீர்கள். பதிவிறக்கினால் 1000 வரிதான் வரும். சின்னக் கடைகளுக்கு அது தாராளம். இணைப்புகள் அறிக்கையையும் எடுங்கள். வெளியார் எந்தெந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும்.

இரண்டாவது, பழைய தளம் உயிரோடு இருக்கும்போதே அதை முழுக்க ஒரு ஊர்தி மென்பொருளால், அதாவது இணைப்பு இணைப்பாகப் பின்தொடர்ந்து பக்கங்களைப் பட்டியலிடும் மென்பொருளால், நடந்து பார்ப்பது. ஸ்கிரீமிங் ஃப்ராக் என்பதன் இலவசப் பதிப்பு 500 முகவரி வரை எடுக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் விவரக்குறிப்பையும் சேர்த்தே எடுத்துத் தரும். அவையும் பிறகு தேவைப்படும்.

மூன்றாவது, சேர்வர் பதிவேடு. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலுக்குள் மூல அணுகல் பதிவு என்று கிடக்கும். மெனுவில் எங்கும் இல்லாத, நீங்களே மறந்த பிடிஎஃப் விலைப்பட்டியல் ஒன்றை யாரோ இன்னும் கிழமைக்குக் கிழமை இறக்குவது அதில்தான் தெரியவரும். படங்களின் முகவரிகளும் இருக்கும். ஒரு சாமானைப் படத்தைப் பார்த்துத் தேடுகிற ஆட்கள் நிறையப் பேர், ஆகவே படங்களையும் விடாதீர்கள்.

நாலாவது, கடைக்காரர். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. இரண்டாம் முறை நான் பட்டியலை அச்சடித்துக் கொண்டுபோய் அண்ணையின் மேசையில் வைத்தேன். அவர் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "இது நெடுங்கேணிப் பக்கத்து ஆக்கள் பார்க்கிறது. இதைக் கழட்டிப்போடாதை." பிறகு பில்லின் அடியில் இருக்கும் கியூஆர் கோட்டைக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முதல் அச்சடித்த பில் புத்தகம். அது போகும் முகவரி என் பட்டியலில் எங்குமே இல்லை.

ஒரு பெல்ட் பட்டியலின் கதை

முதல் முறை நான் செய்த பெரிய அநியாயம் 404 கூட இல்லை. பழைய தளத்தில் ஒரு பக்கம் இருந்தது: எந்த மெசினுக்கு எந்த நம்பர் பெல்ட் என்று நாற்பது வரி அட்டவணை. படம் இல்லை, விலை இல்லை, கோடு கூட நேராக இல்லை. அதில் விற்கிறதுக்கு ஒன்றும் இல்லையே என்று புதுத் தளத்தில் சேர்க்காமல் விட்டேன்.

பிறகு செர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தால், முழுத் தளத்துக்கும் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு பக்கத்தால் வந்திருந்தார்கள். வயலுக்குள் பெல்ட் அறுந்து நிற்கிறவன் "பெல்ட் வாங்க" என்று தேடுவதில்லை. தன் மெசினின் பெயரைப் போட்டு, என்ன நம்பர் என்று தேடுகிறான். நம்பர் கிடைத்தவுடன் அதே பக்கத்தின் மேலே இருக்கும் இலக்கத்துக்குப் போன் எடுக்கிறான். கொப்பியில் இருந்த "கூகுள்" வரிகளில் பாதி அந்த அட்டவணையில் பிறந்தவை.

ஆகவே பட்டியலில் ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் கடந்த 16 மாதத்தில் வந்த சொடுக்குகளைப் போட்டு, கூடியதிலிருந்து குறைந்ததாக அடுக்குங்கள். மேலே வரும் இருபது பக்கங்களின் எழுத்து, தலைப்பு, அட்டவணை எதையும் இந்த முறை தொடாதீர்கள். முகவரியும் மாறி, உள்ளே இருப்பதும் மாறினால், பிறகு இடம் இறங்கும்போது எதனால் இறங்கியது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. எழுத்தைத் திருத்த ஆசையென்றால் இரண்டு மாதம் பொறுத்துத் திருத்துங்கள்.

எங்கே அனுப்புவது

பட்டியலின் இரண்டாவது நிரல் புது முகவரி. விதி ஒன்றுதான்: பழைய பக்கத்தைத் தேடி வந்தவனுக்கு எது கிடைத்தால் வந்த வேலை முடியுமோ, அங்கே அனுப்புங்கள். ஐடி 142 ஒரு எரிபொருள் வடி என்றால், அதே எரிபொருள் வடியின் புதுப் பக்கத்துக்கு. மூன்று பழைய பக்கங்களை ஒன்றாக்கியிருந்தால் மூன்றும் அந்த ஒன்றுக்கு.

எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் குறுக்கு வழி ஒன்று உண்டு. ஒரு வரியில் முடிந்துவிடும். செய்யாதீர்கள். சம்பந்தமில்லாத பக்கத்துக்குப் போகும் திருப்பத்தைக் கூகுள் மென்மையான 404 என்று கணக்கெடுத்து, பக்கம் இல்லாதது போலவே நடத்தும். வந்த மனிதனும் முகப்பைப் பார்த்துக் குழம்பித் திரும்பிப் போய்விடுவான். உண்மையிலேயே இல்லாமல் போன சாமானுக்கு, அதற்கு ஈடான வேறொன்றும் இல்லையென்றால், 404 அல்லது 410 (நிரந்தரமாக எடுத்தாயிற்று) கொடுப்பதுதான் நேர்மை. அதனால் தளத்துக்கு ஒரு கேடும் வராது.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்கு

இதில் நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது.

முகவரியில் தமிழ் எழுத்து வந்தால், உள்ளே அது சதவீதக் குறி போட்ட குறியீடாக மாறுகிறது. ஒவ்வொரு தமிழ் யூனிகோட் எழுத்துக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று குறி, ஆக ஒன்பது. புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். "கிளிநொச்சி" என்பதில் அப்படிப் பத்து எழுத்து, 90 குறி. "முல்லைத்தீவு" பன்னிரண்டு, 108 குறி. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் பெயருக்கு 200 குறிதான் இடம் வைத்திருக்கிறது. இரண்டு ஊர்ப்பெயரையும் நடுவில் ஒரு கோடு போட்டு எழுதினாலே 199. அதற்குப் பிறகு "உழவு இயந்திரம்" என்று போட்டால் வெட்டிவிடும். எங்கே வெட்டியது என்று பார்க்காமல் உங்கள் பட்டியலில் முழுப் பெயரை எழுதினால், உங்கள் திருப்பம் அப்படி ஒன்றே இல்லாத ஒரு பக்கத்துக்குப் போகும்.

இன்னொன்று. "நொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் கொம்பும் பின்னால் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முகவரியாகும்போது இரண்டும் வேறு. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும்போது சில மாற்றிகள் இரண்டாவது விதமாகத் தந்துவிடும். ஒரு முழு மாலை, திரையில் அச்சொட்டாக ஒரே மாதிரித் தெரியும் இரண்டு முகவரிகளைப் பார்த்துக்கொண்டு, ஏன் ஒன்று வேலை செய்கிறது மற்றது செய்யவில்லை என்று தலையைச் சொறிந்திருக்கிறேன். ஆகவே தமிழ் முகவரிகளைப் பட்டியலில் தட்டச்சு செய்யாதீர்கள். உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து, குறியீட்டு வடிவிலேயே நகலெடுத்து ஒட்டுங்கள்.

புதுப் பக்கங்களுக்கு நான் ரோமன் எழுத்தில் சின்ன முகவரிகளே வைக்கிறேன். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அரைப் பக்கக் குறியீடு வராது. ஆனால் புதுக்குடியிருப்பை ரோமன் எழுத்தில் எழுதச் சொன்னால் ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதுவார்கள். ஒன்றைத் தெரிந்து எடுத்து, தளம் முழுக்க அதையே வையுங்கள். ஏற்கெனவே தமிழ் முகவரியில் நன்றாக ஓடும் பக்கத்தை இதற்காக மாற்றவேண்டாம்.

திருப்பத்தை எழுதுவது

நிரந்தரத் திருப்பத்துக்கு இலக்கம் 301. தற்காலிகத்துக்கு 302. 302 போட்டால், இவர்கள் திரும்பி வரப்போகிறார்கள் போல என்று கூகுள் பழைய முகவரியையே வைத்திருக்கக்கூடும். 301 தான் "இனி இங்கேதான்" என்று உறுதியாகச் சொல்வது. சேர்வரிலேயே எழுதுங்கள், பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்டால் தள்ளிவிடுவது கடைசி வழி.

அப்பாச்சி சேர்வர் என்றால் எச்டிஅக்சஸ் (.htaccess) என்ற அமைப்புக் கோப்பில் எழுதலாம். சாதாரண முகவரிகளுக்கு ரீடிரெக்ட் 301 என்று ஒரு வரி போதும். ஆனால் எங்கள் அண்ணையின் தளம் மாதிரி முகவரியில் கேள்விக்குறி இருந்தால் அந்த வரி வேலை செய்யாது. கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை அது பார்ப்பதே இல்லை. அதற்கு ரிரைட் கொண்டிஷன் என்ற கட்டளையில் க்வெரி ஸ்ட்ரிங் (கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது) இன்னதென்றால் என்று நிபந்தனை வைத்து, அடுத்த வரியில் ரிரைட் ரூல் எழுதவேண்டும். புது முகவரியின் கடைசியில் ஒரு வெறும் கேள்விக்குறியும் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய ஐடி இலக்கம் புது முகவரிக்குப் பின்னால் வாலாக ஒட்டிக்கொண்டு வரும்.

நிபந்தனையில் தொடக்கக் குறியும் (^) முடிவுக் குறியும் ($) கட்டாயம். "ஐடி=14" என்று மட்டும் எழுதினால், 14 மட்டுமில்லை, 140 முதல் 149 வரை எல்லாம் அதில் விழும். எனக்கு விழுந்தது. பத்து விதமான சாமான்களும் ஒரே ஸ்பார்க் பிளக் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. எச்டிஅக்சஸைத் தொடப் பயமென்றால் வேர்ட்பிரஸில் ரீடிரெக்ஷன் என்ற இலவச பிளகின் இருக்கிறது, அட்டவணையை அப்படியே ஏற்றலாம்.

அடுத்தது சங்கிலி. அப்பாவின் படலை எழுத்தைப் பார்த்து ஒரு மாமா தர்மபுரம் வந்தார். நாங்கள் அதற்குள் விசுவமடு போய்விட்டோம். அங்கே வந்தார், அங்கேயும் இல்லை. மூன்றாவது இடத்தோடு அவர் தேடுவதை நிறுத்திவிட்டார். கூகுளின் ஊர்தி பத்துத் திருப்பம் வரை பொறுக்கும், ஆனால் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். முன்னொரு முறை மாற்றிய தளத்தை மறுபடி மாற்றும்போது, மிகப் பழைய முகவரிகளையும் நேரே கடைசி முகவரிக்கே எழுதுங்கள். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், பிறகு டபிள்யூ மூன்றும், பிறகு புதுப் பக்கம் என்று படிப்படியாகப் போகாமல் ஒரே தாவலில் போகட்டும். தளத்துக்குள் இருக்கும் மெனு, இணைப்பு, படம் எல்லாம் திருப்பத்தை நம்பாமல் புது முகவரியையே காட்டவேண்டும்.

எப்போது ஏற்றுவது

ஐப்பசியில் வேண்டாம்! நடுத்தரத் தளம் ஒன்றின் பக்கங்களைக் கூகுள் புது முகவரிக்கு மாற்றி முடிக்கச் சில கிழமை எடுக்கும். அந்தக் கிழமைகளில் இடம் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டம் கடை ஓய்ந்திருக்கும் காலத்தில் வரட்டும். அண்ணையைக் கேட்டேன். "மார்கழியில மழை, வயலுக்குள்ள ஒருத்தரும் மெசின் இறக்க மாட்டினம். நான் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பன்" என்றார். மார்கழி முதல் கிழமை ஏற்றினோம். மாசியில் அறுவடை தொடங்குவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. உங்களுடையது வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறவர்களுக்கான தங்குமிடமென்றால் வைகாசியைத் தள்ளிவையுங்கள்.

ஏற்றும் நாளில் மூன்று விடயத்தைக் கையில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். ஒன்று, சோதனைத் தளத்தில் கூகுள் வராமல் இருக்கப் போட்ட தடை. வேர்ட்பிரஸில் வாசிப்பு அமைப்புக்குள் தேடுபொறிகளை ஊக்கப்படுத்தவேண்டாம் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அந்தச் சரிக்குறியை எடுக்க மறந்தால் மேலே சொன்ன அத்தனை வேலையும் தண்ணியில் போட்ட உப்பு. இரண்டு, ஊர்திகள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு. பழைய முகவரிகளையும் அதில் தடுக்காதீர்கள். தடுத்தால் ஊர்தியால் திருப்பத்தைப் பார்க்கவே முடியாது. மூன்று, ஒரு பக்கத்தின் மூல முகவரி எது என்று கூகுளுக்குச் சொல்லும் கனோனிக்கல் குறி இன்னும் சோதனைத் தளத்து முகவரியைக் காட்டுகிறதா என்று பார்ப்பது.

பிறகு பட்டியலில் உள்ள அத்தனை பழைய முகவரியையும் அதே ஊர்தி மென்பொருளில் பட்டியலாகக் கொடுத்து ஓடவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 301, அதற்குப் பின்னால் 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது) வரவேண்டும். புதுத் தளவரைபடத்தை, அதாவது புதுப் பக்க முகவரிகளின் பட்டியல் கோப்பை, செர்ச் கன்சோலில் கொடுங்கள். அங்கே முகவரி மாற்றம் என்று ஒரு கருவி இருக்கிறது. அது டொமைனே மாறுகிறவர்களுக்கு மட்டும், உதாரணத்துக்கு டாட் கொம்மிலிருந்து டாட் எல்கேக்குப் போகிறவர்களுக்கு. அதே டொமைனுக்குள் பக்க முகவரி மாறினால் அதைத் தொடவேண்டாம். கூகுள் வரைபடத்தில் உள்ள கடை விவரம், பேஸ்புக் பக்கம் இரண்டிலும் உள்ள இணைப்பையும் அன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்த ஒரு மாதம்

முதல் கிழமை தினமும், பிறகு கிழமைக்கு இரண்டு தரம், செர்ச் கன்சோலில் "கண்டறியப்படவில்லை" பட்டியலைப் பாருங்கள். நீங்கள் தவறவிட்ட முகவரிகள் அங்கே ஒவ்வொன்றாக வந்து நிற்கும். எனக்குப் பதினொன்று வந்தது. எல்லாம் அண்ணை எப்போதோ பேஸ்புக்கில் போட்ட இணைப்புகள், கடைசியில் யாரோ ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்து ஒட்டியவை. எட்டுக்குத் திருப்பம் எழுதினேன், மூன்றை விட்டேன்.

சொடுக்குகள் முதல் பத்து நாள் கீழே போனால் பதறாதீர்கள். பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள்: பழைய முகவரி இறங்கும் அளவுக்குப் புது முகவரி ஏறுகிறதா? ஏறினால் இடம் மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏறாவிட்டால் அந்த ஒரு பக்கத்தைக் கன்சோலின் முகவரி ஆய்வுப் பெட்டியில் போட்டு, கூகுள் எதை மூலப் பக்கமாக எடுத்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கனோனிக்கல் பிழைதான் இருக்கும்.

திருப்பங்களைக் குறைந்தது ஒரு வருடம் வைக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுப்பதே இல்லை. பெல்ட் அட்டவணையின் பழைய முகவரியை இன்னும் ஐப்பசிக்கு ஐப்பசி ஆட்கள் திறக்கிறார்கள். சேர்வர் பதிவேட்டில் தெரிகிறது. டொமைனே மாறியிருந்தால் பழைய டொமைனுக்கும் வருடா வருடம் காசு கட்டிக்கொண்டிருங்கள். ஹோஸ்டிங்கை மாற்றும்போது புது இடம் எஞ்சின்எக்ஸ் என்ற வேறு வகைச் சேர்வர் என்றால் எச்டிஅக்சஸ் கோப்பை அது வாசிக்காது. விதிகளை அதன் பாணியில் திரும்ப எழுதவேண்டும். ஆகவே அந்தப் பட்டியலை மென்பொருளுக்குள் மட்டும் வைக்காமல் தனிக் கோப்பாக இரண்டு இடத்தில் வையுங்கள். அண்ணையிடம் அச்சடித்த பிரதி ஒன்று, சிவப்புப் பேனைக் கோடுகளோடு, சிஆர் கொப்பிக்குள் மடித்துக் கிடக்கிறது.